கோணல் வெட்டிய ஏழாவது பாதை

எங்கள் மலைக்கு சைக்கிள் ஓட்ட வருகிறவர்கள் எல்லோரும் கோணலைப் புகழ்வார்கள். எனக்கு அவனைப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பின்னால் நான் அவனைப் பற்றி நல்லதாக ஏதாவது சொன்னால், அது என் வாயிலிருந்து பிடுங்கப்பட்டது என்று உங்களுக்குப் புரியும்.

அவன் வேலை மலையில் சைக்கிள் பாதை வெட்டுவது. நடக்கிற பாதை அல்ல, வண்டி போகிற பாதையும் அல்ல. இரண்டு முழம் அகலத்தில், உச்சியிலிருந்து மரங்களுக்கு நடுவே நெளிந்து நெளிந்து ஏரிக்கரை வரை இறங்கும் மண் பாதை. தடித்த டயர் போட்ட மலைச் சைக்கிளில் நகரத்து ஆட்கள் அதில் பாய்ந்து இறங்குவார்கள். வளைவுகளில் வெளிப்பக்கத்து மண்ணைச் சுவர் போல உயர்த்திக் கட்டியிருக்கும். சைக்கிள் அதில் சாய்ந்து திரும்பும். நடுநடுவே மேடுகள் வரும். சைக்கிள் அதில் ஏறிக் காற்றில் பறந்து அடுத்த மேட்டில் இறங்கும். கீழே ஏரி, எதிரே புல்வெளி, மேலே மேகம். எல்லாம் அழகுதான். அழகில்லை என்று யார் சொன்னது? வந்து இறங்குகிறவர்கள் ஹெல்மெட்டைக் கழற்றியதும் கேட்கிற முதல் கேள்வி, "இதை யாருங்க வெட்டினது?" என்பது. என் வாடகை சைக்கிள் கடை மலையடிவாரத்தில், பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரில். அதனால் அந்தக் கேள்வியை என்னிடம்தான் கேட்பார்கள். அவர்கள் செயினை மாற்றுவது நான், வளைந்த சக்கரத்தை நிமிர்த்துவது நான், சீட்டை அவரவர் உயரத்துக்கு ஏற்றி இறக்குவது நான். இதை யார் செய்தது என்று ஒருத்தரும் கேட்டதில்லை.

கோணல் என்பது பட்டப்பெயர். எந்தச் சரிவைப் பார்த்தாலும் தலையை வலது தோள் பக்கம் சாய்த்துத்தான் பார்ப்பான். சின்ன வயதில் சாலை போடும் கூட்டத்தோடு சேர்ந்து வடிகால் வெட்டப் போனவன். தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று பார்த்துப் பார்த்துத் தலை அப்படியே நின்றுவிட்டது என்பார்கள். ஒரு கல்யாண வீட்டில் கை கழுவும் தொட்டியைக்கூட அவன் அப்படி நின்று பார்த்ததை நான் பார்த்திருக்கிறேன். பின்னால் பத்துப் பேர் எச்சில் கையோடு நின்றார்கள்.

தண்ணீர் தொட்டிக்குப் பின்னால் இரண்டு அறை வீடு. அவனும் அவன் அம்மாவும்தான். அம்மாவுக்குக் காது கேட்காது. அதனால் அந்த வீட்டில் பேச்சு கம்மி. முன் அறைச் சுவரில் மண்வெட்டிகள் பிடியின் நீள வரிசையில் தொங்கும். கட்டிலுக்கு அடியில் பழைய பெயின்ட் டப்பாக்களில் மலையின் ஒவ்வொரு பக்கத்து மண்ணும் இருக்கும். ராத்திரியில் அதில் தண்ணீர் ஊற்றி எது சீக்கிரம் உறிஞ்சுகிறது என்று பார்ப்பானாம். கல்யாணம் செய்துகொள்ளாதவனுக்கு ராத்திரியில் வேறென்ன வேலை.

இப்போது உறவைச் சொல்லவேண்டும். கோணல் என் மனைவியின் அத்தை மகன். முறைக் கணக்குப்படி மனைவியின் அத்தை மகன் எனக்கு அண்ணன் ஆகவேண்டும். இந்தக் கணக்கைப் போட்டவன் யாரோ தெரியாது. அவனுக்குக் கல்யாணம் ஆகியிருக்காது. முகத்துக்கு நேரே நான் அவனை "அண்ணே" என்பேன், அவன் என்னை "தம்பி" என்பான். மனசுக்குள் அவன் எனக்கு அவன்தான். இங்கே மனசுக்குள் உள்ளபடியே எழுதுகிறேன்.

என் மனைவி அவனை "அத்தான்" என்று கூப்பிடுவாள். முறை அதுதான், குற்றம் சொல்ல முடியாது. என்னை "என்னங்க" என்று கூப்பிடுவாள். "என்னங்க" என்று காய்கறிக்காரரையும் கூப்பிடலாம், பஸ் கண்டக்டரையும் கூப்பிடலாம். அவன் அவளைச் "சிட்டு" என்பான், சின்ன வயதில் வைத்த பெயர். வீட்டுக்குள் வேறு யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. கல்யாணமான புதிதில் நானும் ஒருமுறை கூப்பிட்டுப் பார்த்தேன். "நீங்க சொன்னா யாரையோ கூப்பிடற மாதிரி இருக்கு" என்று சிரித்துவிட்டாள்.

உங்கள் இரண்டு பேருக்கும் அந்தக் காலத்தில் பேசி வைத்திருந்தார்களா என்று அவளிடம் கேட்டிருக்கிறேன். வெங்காயம் உரித்துக்கொண்டே பதில் சொன்னாள். "பேச்சு இருந்துச்சு. அத்தான்தான் வேண்டாம்னுட்டாரு." அவ்வளவுதான். நியாயமாக அவன்மேல் கோபம் வரவேண்டியது அவளுக்கு. வந்தது எனக்கு. நான் நாலு பேரைத் தூது விட்டு, தவம் கிடந்து கட்டிக்கொண்டவளை, ஒருத்தன் கடையில் துணியைப் பார்த்துவிட்டு வைக்கிற மாதிரி வைத்துவிட்டுப் போயிருக்கிறான்.

கோணலுக்கு ஒரு குறை உண்டு. அதைச் சொல்வதில் எனக்கு ஒரு ருசி. அவனுக்கு சைக்கிள் ஓட்டத் தெரியாது. மலை முழுக்க சைக்கிள் பாதை வெட்டுகிறவன், தன் பழைய சைக்கிளில் மண்வெட்டியையும் கடப்பாரையையும் கட்டித் தள்ளிக்கொண்டுதான் போவான். ஏறி உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. அதனால் ஒவ்வொரு பாதைக்கும் அவனுக்கு ஓர் ஓட்டுகிற ஆள் தேவை. முதலில் மண்ணைத் தோராயமாக வெட்டிப் போடுவான். ஆள் அதில் இறங்கி வருவார். கோணல் ஒரு வளைவில் நின்று, டயர் எங்கே வழுக்குகிறது, எங்கே மண் சிதறுகிறது என்று பார்ப்பான். அந்த இடத்தில் சுரண்டுவான், அல்லது ஏற்றுவான். மறுபடி ஓட்டச் சொல்வான். இப்படி ஆளும் மண்வெட்டியும் மாறி மாறிப் போய்த்தான் பாதை உருவாகும். ஆறு பாதைகளுக்கு பேக்கரிக்காரர் அவனுக்கு ஓட்டிக் கொடுத்தார். ஏழாவது பாதை தொடங்கும்போது பேக்கரிக்காரருக்கு முட்டியில் ஆபரேஷன்.

எங்கள் மகன் அந்த வருஷம்தான் படிக்க வெளியூர் போனான். காலையில் டிபன் கட்டிக் கொடுக்கும் வேலை இல்லாமல் போன என் மனைவி, நான் எழுந்திருக்கும் முன்பே சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்ப ஆரம்பித்தாள். ஒளிவு மறைவு எதுவும் இல்லை. "அத்தானோட புதுப் பாதைல ரெண்டு தடவ இறங்கிட்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் போவாள். கடை திறக்கும் நேரத்துக்கு வந்து, குளித்து, ஹெல்மெட்டுகளை எடுத்து வரிசையாக வைப்பாள். அவள் முகத்தில் ஒரு தெளிவு இருந்தது. அது என்னால் வந்ததில்லை என்று எனக்குத் தெரியும்.

மற்ற கணவன்மார்கள் என்ன செய்வார்களோ, நான் சைக்கிள் மெக்கானிக். அவள் குளிக்கப் போனதும் அவள் சைக்கிளைச் சோதிப்பேன். டயரில் ஒட்டிய சிவப்பு மண் மலையின் மேற்குப் பக்கத்து மண், சொன்ன இடத்துக்குத்தான் போயிருக்கிறாள். செயினில் காட்டுப் புல். எல்லாம் சரி. பிறகு ஒருநாள் பிரேக் கட்டைகளைக் கழற்றிப் பார்த்தேன். அதைப் பார்க்காமலே இருந்திருக்கலாம்.

மலையில் இறங்கும் சைக்கிளில் முதலில் தேய்வது பிரேக் கட்டைதான். நகரத்து ஆட்கள் ஒருநாள் இறங்கிவிட்டு வந்தாலே பாதி தேய்ந்து கருகிய வாடை அடிக்கும். என் மனைவி வாரக்கணக்கில் இறங்குகிறாள், அவள் கட்டைகள் நான் மாட்டிக் கொடுத்த அன்று இருந்த மாதிரியே இருந்தன. அதாவது அவள் பிரேக் பிடிக்கவே இல்லை. உச்சியிலிருந்து ஏரி வரைக்கும் ஓர் இடத்தில்கூட அவளுக்குப் பயம் வரவில்லை. வீட்டு மாடிப்படியில்கூட கைப்பிடியைப் பிடித்து இறங்குகிறவள் அவள். கட்டைகளைத் துடைத்துத் திரும்ப மாட்டினேன். அவள் பெட்டியில் காதல் கடிதம் அகப்பட்டிருந்தால்கூட எனக்கு இவ்வளவு எரிந்திருக்காது.

பாதை முடிந்ததும் சைக்கிள் சங்கத்தார் ஓட்டிப் பார்த்து ஒப்புக்கொண்டால்தான் பொதுமக்களுக்குத் திறப்பார்கள். அந்த வருஷம் சங்கத்தில் ஒரு முணுமுணுப்பு. வெளியூர்க் கம்பெனி ஒன்று மண் வெட்டும் இயந்திரத்தோடு வந்து எல்லாப் பாதையையும் தானே பார்த்துக்கொள்கிறேன் என்று கேட்டிருந்தது. ஏழாவது பாதை சரியில்லை என்றால் கோணலின் மலை வேலை அதோடு போய்விடும், மறுபடி வடிகால் வெட்டத்தான் போகவேண்டும். சங்கச் செயலாளர் பள்ளிக்கூடத்தில் ரசாயன வாத்தியார். சோதிக்க அவரும், பல் டாக்டரம்மாவும், மெக்கானிக் என்ற முறையில் நானும். மூன்று பேரில் ஒருத்தன் நான். மூன்று பேரும் நன்றாகவே ஓட்டுவோம்.

முதலில் செயலாளர் இறங்கினார். நாலாவது வளைவில் சைக்கிள் ஒரு பக்கம், வாத்தியார் ஒரு பக்கம். அடுத்து டாக்டரம்மா. அவர் வளைவில் பயந்து பிரேக்கை அழுத்தித் தப்பித்தார். ஆனால் வேகம் போய்விட்டதால், வளைவு முடிந்ததும் வருகிற இரட்டை மேட்டில் பறக்க முடியாமல் நடுவில் இருந்த பள்ளத்தில் போய்ச் செருகிக்கொண்டார். நான் மூன்றாவது. இரண்டும் எனக்கு நடந்தன. வளைவில் சுவர்மண்ணில் தோளைத் தேய்த்து, எழுந்து, மறுபடி ஏறிப் பள்ளத்தில் விழுந்தேன். கோணல் மேட்டின் மேல் நின்று தலையைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முகம் வெளுத்திருந்தது. அவனுக்குக் காரணம் புரியவில்லை என்று தெரிந்தது. எனக்குப் புரிந்துவிட்டது.

"மண் இன்னும் இறுகலை போல இருக்கு" என்றார் செயலாளர், முழங்கையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டே.

"ஒரு நிமிஷம் சார்" என்றான் கோணல். மேலே பார்த்துக் குரல் கொடுத்தான். "சிட்டு, நீ ஒரு தடவ இறங்கு."

எங்களோடு வேடிக்கை பார்க்க வந்திருந்த என் மனைவி அதுவரை தன் சைக்கிளோடு உச்சியில் நின்றிருந்தாள். இறங்கினாள். நான் பதினெட்டு வருஷமாக அவளோடு குடித்தனம் நடத்துகிறேன்; அந்தப் பெண்ணை அன்றுதான் பார்த்தேன். வளைவு வரும் முன்பே உடம்பு சாய ஆரம்பித்துவிட்டது. சுவர்மண் அவளை உள்ளங்கையில் ஏந்துகிற மாதிரி ஏந்தி அந்தப் பக்கம் விட்டது. மேட்டில் ஏறினாள், பறந்தாள், அடுத்த மேட்டின் சரிவில் சத்தமே இல்லாமல் இறங்கி மரங்களுக்குள் போய்விட்டாள். செயலாளர் கை தட்டினார். டாக்டரம்மா மூக்கின்மேல் விரல் வைத்தார்.

"அப்ப பாதை சரியாத்தான் இருக்கு. நாமதான் சரியில்லை" என்றார் செயலாளர். பையைத் திறந்து பேனாவைத் தேடினார். விஷயம் அதோடு முடிந்திருக்கும்.

என்னால் பொறுக்க முடியவில்லை. பாதை திறந்தால் நாலு பேர் கை கால் உடைத்துக்கொள்வார்கள் என்பது உண்மைதான். அதை நினைத்துத்தான் பேசினேன் என்று இன்று சொல்லிக்கொள்ளலாம், கேட்கவும் நன்றாக இருக்கும். ஆனால் அதை நினைத்துப் பேசவில்லை.

"சார், இது பாதை இல்லை" என்றேன். "என் பொண்டாட்டிக்கு அளவெடுத்துத் தைச்ச ரவிக்கை. வேற யாரு போட்டாலும் கிழியத்தான் செய்யும்."

டாக்டரம்மா ஏரியைப் பார்க்க ஆரம்பித்தார். கீழேயிருந்து சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மேலே வந்த என் மனைவி, கடைசிச் சொல்லைக் கேட்டுவிட்டாள் என்று அவள் நின்ற விதத்திலேயே தெரிந்தது. கோணல் அவமானப்படுவான், இல்லாவிட்டால் சண்டைக்கு வருவான் என்று எதிர்பார்த்தேன். அவன் வளைவின் ஓரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். சுவர்மண்ணை உள்ளங்கையால் தடவினான். வெகுநேரம் தடவினான்.

"தம்பி சொல்றது சரிதான் சார்" என்றான். "ஓட்டிப் பாத்தது அவ ஒருத்திதான். அவ அளவுக்கு வந்துடுச்சு. எனக்கே இப்பதான் தெரியுது."

எனக்கு மூக்கு உடைந்த மாதிரி இருந்தது. கையும் களவுமாகப் பிடிபட்ட திருடன் "அட ஆமாம்ல" என்று சொன்னால் பிடித்தவன் என்ன செய்வது?

இரண்டு வாரம் அவகாசம் கொடுத்தார்கள். எல்லோரும் ஓட்டுகிற மாதிரி மாற்றவேண்டும். எந்த ஆளை வைத்து மாற்றுவது என்று கேள்வி வந்தபோது கோணல் என்னைக் காட்டினான். "தம்பி வரட்டும். கனமான ஆளு. பிரேக்கும் நல்லாப் பிடிக்கிறாரு. அவருக்குச் சரியா இருந்தா ஊருக்கே சரியா இருக்கும்." இதில் குத்தல் இருக்கிறதா என்று அவன் முகத்தைப் பார்த்தேன். இல்லை. அவனிடம் அதுதான் பெரிய எரிச்சல், ஒன்றையும் ஒளித்து வைக்க மாட்டான். நமக்குத்தான் தேடித் தேடிக் கண் வலிக்கும்.

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். தினமும் விடியற்காலை நான் மலைக்குப் போனேன்; என் மனைவி கடையைத் திறந்தாள். வீட்டில் ரவிக்கை விஷயத்தைப் பற்றி அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சமைத்தாள், பரிமாறினாள். கேட்டிருந்தால் பதில் தயாராக வைத்திருந்தேன். நாலைந்து நாள் அந்தப் பதிலைச் சுமந்துகொண்டே மலை ஏறினேன்.

கோணல் ஒரு பிடிவாதக்காரன், ஆனால் கோபம் இல்லாத பிடிவாதம். நான் விழுவேன், வந்து பார்ப்பான், என்னை அல்ல, நான் விழுந்த இடத்தை. "இன்னொரு தடவ அதே மாதிரி விழ முடியுமா தம்பி?" என்று உண்மையாகவே கேட்டான். முழங்காலில் ரத்தம் வந்த அன்று மட்டும் தன் தலைப்பாகைத் துணியைக் கிழித்துக் கட்டிவிட்டு, தண்ணீர் கொடுத்து, உட்காரச் சொன்னான். இரண்டு பேரும் மேட்டில் உட்கார்ந்தோம். வேறு யாரும் இல்லாத இடம். கேட்டுவிட்டேன்.

"தெரிஞ்சுதான வெட்டினீங்க அண்ணே?"

அவனுக்குக் கேள்வியின் உள்ளே இருந்தது புரிந்ததா தெரியாது. யோசித்துத்தான் சொன்னான்.

"தெரிஞ்சு செய்யலை தம்பி. அவ சைக்கிள் அவளுக்கு ஒரு சைஸ் பெருசு. ஹேண்டில்பாரை எட்டிப் பிடிக்கறதால கை முழுசா நீண்டுடும். சட்டுன்னு திருப்ப வராது. அதனால வளைவுக்கு முன்னாடியே சாய ஆரம்பிப்பா. நான் அவ சாயற எடத்துலேருந்து மண்ணை ஏத்தினேன். மத்தவங்க வளைவு வந்தப்புறம் சாயறாங்க, சறுக்கி விடுது. அவ பிரேக் பிடிக்காம வர்ற வேகத்துக்கு மேட்டைத் தள்ளி வெச்சேன். மத்தவங்க பிடிக்கறாங்க, பள்ளத்துல விழறாங்க." பிறகு, "அந்த சைக்கிள் எங்கேர்ந்து வாங்கினீங்க?" என்றான்.

எங்கிருந்தும் வாங்கவில்லை. ஒரு நெட்டை மனிதன் வாடகை பாக்கிக்குப் பதிலாக விட்டுவிட்டுப் போன சைக்கிள் அது. சீட்டை அடிவரைக்கும் இறக்கி, "இதையே வெச்சுக்கோ" என்று நான்தான் கொடுத்தேன். கடைக்கு வருகிற முன்பின் தெரியாதவனை நிற்க வைத்துக் கால் நீளம், கை நீளம் எல்லாம் பார்த்துத்தான் சைக்கிள் கொடுப்பேன். கோணலிடம் இதைச் சொல்லவில்லை. அவனும் மறுபடி கேட்கவில்லை. எழுந்து மண்வெட்டியை எடுத்தான். அவன் முதுகைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அன்றைக்கு அவன்மேல் வந்த பொறாமை முன்பு வந்த மாதிரி இல்லை. முன்பு அவனிடம் என்னுடையது ஏதோ இருக்கிறது என்று எரிந்தேன். இப்போது, என்னுடையது என்று நான் நினைத்ததை எனக்கு முன்னால் அவன் பார்த்துவிட்டானே என்று எரிந்தது. இரண்டாவது எரிச்சலுக்கு மருந்தே இல்லை.

வளைவை அகலப்படுத்தினான். சுவர்மண்ணைப் பின்னுக்குத் தள்ளித் தாமதமாக ஏறும்படி செய்தான். இரண்டு மேட்டுக்கும் நடுவில் இருந்த பள்ளத்தை நிரப்பிவிட்டால், பறக்க முடியாதவர்கள் அதன்மேல் உருண்டு போய்விடலாம். அதை நிரப்பும் வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். கூடை கூடையாக மண் சுமந்து அந்தப் பள்ளத்தில் கொட்டினேன். காலால் மிதித்தேன். அவள் பறந்த இடம் அது. மிதிக்க மிதிக்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்று சொன்னால் நம்புவீர்களா? இருந்தது.

அதோடு நிற்கவில்லை. நகரத்துக்கு ஆள் அனுப்பி அவள் உயரத்துக்குச் சரியான புது சைக்கிள் ஒன்றை வரவழைத்தேன். பச்சை நிறம், அவளுக்குப் பிடித்தது. பாதையைத் திறக்கிற அன்று காலை கடை வாசலில் நிறுத்தி வைத்தேன். கோணல் அவளுக்குப் பாதை வெட்டினான் என்றால் நான் சும்மாவா விடுவேன்? அவள் சைக்கிளைச் சுற்றிவந்தாள், பெல்லை அடித்துப் பார்த்தாள். "எதுக்குங்க இவ்வளவு செலவு" என்றாள். சிரித்தாள். சிரிப்பில் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

எல்லோரும் இறங்கினார்கள். செயலாளர் விழவில்லை. டாக்டரம்மா தன் கிளினிக் பெண்கள் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு இறங்கினார். நான் இறங்கினேன், என் உடம்பு பார்த்து வெட்டிய பாதையில் எனக்கென்ன. கோணலுக்கு மலை வேலை நிலைத்தது, வெளியூர்க் கம்பெனி இயந்திரத்தை வேறு ஊருக்கு எடுத்துக்கொண்டு போனது. என் மனைவி கடைசியாக இறங்கினாள். நாலாவது வளைவில் அவள் விரல்கள் பிரேக்கை அழுத்துவதை நான் பார்த்தேன். கீழே வந்து நின்று, "நல்லா இருக்கு அத்தான். இனிமே எல்லாரும் போகலாம்" என்றாள்.

அதற்குப் பிறகு அவள் மலைக்குப் போகவில்லை. முதல் வாரம் மழை என்று நினைத்தேன். அடுத்த வாரம் கடையில் கூட்டம் அதிகம் என்று நினைத்தேன். பச்சை சைக்கிள் சுவரில் மாட்டியபடியே இருந்தது, டயரில் திறப்பு நாளின் மண் காய்ந்து உதிர்ந்தது. காலையில் நான் எழும்போது அவள் பக்கத்தில் படுத்திருந்தாள். இதற்குத்தான் ஆசைப்பட்டேன். கூரையைப் பார்த்துக்கொண்டு விழித்திருந்தாள்.

ஒருநாள் மத்தியானம் கோணல் கடைக்கு வந்தான். மண்வெட்டிப் பிடிக்கு ஆணி கேட்டான். ஆணியைக் கையில் வைத்துக்கொண்டு போகாமல் நின்றான். எட்டாவது பாதைக்கு அனுமதி வந்துவிட்டது, கிழக்குச் சரிவில், ஓட்டிப் பார்க்க ஆள் வேண்டும் என்றான். "இந்தத் தடவ ரெண்டு பேரு வேணும், ஒருத்தரை மட்டும் நம்பி வெட்டினா இப்படித்தான் ஆகும்" என்று தன்னையே குறை சொல்லிக்கொண்டான். என்னைத்தான் பார்த்தான். எனக்குப் பயந்துதான் அவளை நேரே கேட்கவில்லை என்று தெரிந்தது.

ஒரு சக்கரத்தின் கம்பியை முறுக்கிக்கொண்டிருந்தேன். இல்லை என்று சொல்ல நாக்கு நுனியில் நூறு காரணம் இருந்தது. அவள் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தது ஞாபகம் வந்தது. சக்கரத்தைக் கீழே வைத்துவிட்டுச் சொல்லிவிட்டேன்.

"அவளைக் கூட்டிட்டுப் போங்கண்ணே. நானும் வரேன், அவளும் வரட்டும்."

அவள் கல்லாவுக்குப் பின்னால் வாடகைக்குப் போன ஹெல்மெட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தவில்லை.

"வேணாம் அத்தான்" என்றாள். "அவரைக் கூட்டிட்டுப் போங்க."

"ஏன் சிட்டு? அது பழைய பாதை மாதிரி வராதுன்னா? இன்னொண்ணு வெட்டலாம்."

"அதுக்கில்ல." ஒரு ஹெல்மெட்டின் வாரை நேராக்கினாள். "பொறந்த வீட்ல அட்ஜஸ்ட் பண்ணேன். இங்க வந்து பண்றேன். கடைல பண்றேன். பையன் இருந்த வரைக்கும் அவனுக்குப் பண்ணேன். தப்புன்னு சொல்லல, எல்லாரும் பண்றதுதான். அங்க மட்டும்தான் நான் ஒண்ணும் பண்ண வேண்டியதில்லாம இருந்துச்சு. நான் எப்படி வரேனோ அப்படியே வந்தேன். பாதை தானா திரும்புச்சு." ஹெல்மெட்டைக் கொக்கியில் மாட்டினாள். "நீங்க மறுபடியும் அப்படித்தான் வெட்டுவீங்க, உங்களுக்கு வேற மாதிரி வராது. மறுபடியும் இடிப்பாங்க. இன்னொரு தடவ பாத்துட்டு நிக்க என்னால ஆகாது."

கோணல் தலையைக் குனிந்து ஆணிகளை எண்ணுகிற மாதிரி நின்றான். "சரிம்மா" என்றான். சிட்டு என்று கூப்பிடவில்லை. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்விட்டான்.

இடித்தது யார் என்று அவள் சொல்லவில்லை. குரலில் கோபமும் இல்லை. எதற்கும் நான் ஏதாவது சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் பஸ் வந்து நின்றது, வாடகை சைக்கிளுக்கு ஆட்கள் உள்ளே வந்துவிட்டார்கள். அவள் கூடப் படுத்து, கூடச் சாப்பிட்டு, தினமும் கூடக் கடை திறக்கிறவன் நான். அன்றைக்கு அவள் பேசியது முழுவதையும் அவனைப் பார்த்துத்தான் பேசினாள்.